வேங்கைமலை ராணிக்கு ஒரு ஒன்ஸ்மோர்

போன மாதம் என் அண்ணன் மகள் என்னைப் பிடிவாதமாகப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கள்ளக்குறிச்சியில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி தியேட்டர். படம் முடிந்து படியிறங்கினால், வாசலில் ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வருகிறவர் போகிறவர் எல்லோர் வாய்க்கும் அதை நீட்டி, படம் எப்படி என்று கேட்கிறான். ஒருவர் சூப்பர் என்கிறார், அடுத்தவர் மொக்கை என்கிறார். என் முறையும் வந்தது.

"ஆயா, நீங்க சொல்லுங்க. படம் எப்டி?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் சோறு துன்னேன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. டிக்கெட்டை மெஷினில் காட்டி உள்ளே விடும் இரண்டு பெண்கள் அருகில் நின்றிருந்தார்கள். "நெஜமாவா ஆயா? தியேட்டர்லயா வேல செஞ்சீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நின்ற வாக்கிலேயே கொஞ்சம் சொன்னேன். கால் வலித்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த மீதிதான் இது.

நான் வேலை பார்த்த தியேட்டர் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நான் இருந்தது பெண்கள் கவுண்டரில். அப்போதெல்லாம் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். உள்ளேயும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று ஓடும். கருணாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் குடியிருந்த, மெஷினில் படம் ஓட்டும் ஆபரேட்டர் கோவிந்தண்ணன்தான் என்னைச் சேர்த்துவிட்டார். டிக்கெட்டை நேராகக் கிழிப்பது, டார்ச்சைக் காலடியில் மட்டும் அடிப்பது, அழுகிற குழந்தையை எந்தத் தூண் பக்கம் கொண்டுபோனால் படத்துக்குத் தொல்லை இல்லை என்பது, இவ்வளவுதான் படிப்பு. ஒரு வாரத்தில் தேறிவிட்டேன்.

கவுண்டர் என்றால் சுவரில் ஒரு பொந்து. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். சில்லறையை மடக்கிப் பிடித்த கை உள்ளே வரும், டிக்கெட்டோடு வெளியே போகும். முகம் தெரியாது. அதனால் எனக்கு இந்த ஊர்ப் பெண்களைக் கையை வைத்துத்தான் தெரியும். நாற்று நட்டு ஊறிய கை, மிளகாய் அரைத்து எரிகிற கை, புது வளையலை நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்ச நேரம் கூடுதலாக உள்ளே தங்கும் கை. சந்தையில் ஒருநாள் கீரை வாங்கியபோது, கீரைக்காரி நீட்டிய கையைப் பார்த்து, "நைனார்பாளையத்து அக்காதான நீங்க, இன்னா ரெண்டு வாரமா படத்துக்கு வரல?" என்று கேட்டுவிட்டேன். அவள் பயந்து கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

எங்கள் மேனேஜர் ஐயா படமே பார்க்க மாட்டார். படம் ஓடும்போது தன் அறையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். முடியப்போகும் நேரத்தில் எழுந்து வந்து, ஆண்கள் வாசலில் தூணோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கூட்டம் அவரைத் தாண்டிப் போகும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனால் படம் தேறிவிட்டது. திட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, திட்டுவதற்காகவாவது இன்னொருவனை அனுப்புவார்கள். ஒன்றுமே பேசாமல் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டு போனால் தீர்ந்தது, படத்தைத் தூக்கிவிட வேண்டியதுதான். இப்படிக் கண்ணை மூடி ஆண்கள் பக்கத்தைக் கேட்டு முடித்த பிறகு என்னிடம் வருவார்.

"சரசு, பொம்பளைங்க பக்கம் இன்னா சொல்றாங்க?"

நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். ஓடும், ஓடாது, தாங்கும். இந்த மூன்றில் ஒன்று. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் போய்விடுவார். கொடுத்த உத்தரவை மாற்றுவது என்பது அவர் பிறவியிலேயே கிடையாது. ஒன்ஸ்மோரும் கிடையாது. பாட்டு முடிந்ததும் மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்று ஒன்ஸ்மோர் என்று கத்தும், விசில் பறக்கும், பெஞ்சைத் தட்டுவார்கள். மற்ற ஊர்த் தியேட்டர்களில் ரீலைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். இவர் அறையை விட்டு எழுந்துகூட வர மாட்டார். "இன்னொருக்கா பாக்கணும்னா இன்னொரு டிக்கெட்டு வாங்கச் சொல்லு" என்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கோமுகி அணையில் ஆடு மேய்ந்தது. ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில்தான் "வேங்கைமலை ராணி" வந்தது.

கல்வராயன் மலையிலேயே எடுத்த படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். கதை இதுதான். கோட்டையை இழந்த ராஜகுமாரி ஒருத்தி, தன் குதிரைக்காரனோடு மலைக்குத் தப்பி ஓடுகிறாள். மலையில் ஒளித்துவைத்த ராஜவாளைத் தேடுகிறார்கள். அருவியைத் தாண்டுகிறார்கள், காட்டுக்குள் ஒரு கோயிலில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், கடைசியில் வாள் கிடைத்துக் கோட்டையையும் பிடிக்கிறார்கள். எடுத்தவர்கள் கையில் காசு இல்லை என்பது படம் தொடங்கிய உடனே தெரிந்துவிடும். கோட்டைக் கதவைச் சாத்தினால் கோட்டைச் சுவரும் சேர்ந்து ஆடும். மொத்தம் ஒரே குதிரை, முதல் பாதியில் ராஜாவுக்கு, இரண்டாம் பாதியில் வில்லனுக்கு. யானை பிளிறும் சத்தம் கேட்கும், யானை வராது. சண்டையில் செத்து விழுந்தவனே எதிர்ப்படையில் எழுந்து ஓடி வருவான்.

ஆண்கள் பக்கம் சிரித்து உருண்டார்கள். "டேய், அந்தக் குதிரைக்காவது சம்பளம் ஜாஸ்தி குடுங்கடா" என்று ஒருவன் கத்துவான். உயர்ந்த டிக்கெட்டில் வந்த வாத்தியார் ஒருவர், இப்படி ஒரு ராஜ்யமே சரித்திரத்தில் இல்லை என்று மேனேஜர் ஐயாவிடம் வந்து சொன்னார். கல்லூரிப் பையன்கள் சிலர் வாள்சண்டை நன்றாக இருப்பதாகச் சொல்லி, சொன்ன வாயோடு தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். திருநாவலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாதியிலேயே எழுந்து போனது. கண்ணை மூடி நின்ற மேனேஜர் ஐயாவுக்குப் பிடிபடவில்லை. "ஒருத்தன் சொல்றத இன்னொருத்தன் சொல்ல மாட்டேங்கறான்" என்று என்னிடம் வந்தார்.

பெண்கள் பக்கம் வேறு கதை. அந்த நைனார்பாளையத்துக் கீரைக்கார அக்காவின் கை மூன்றாம் முறையாகப் பொந்துக்குள் வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா இருக்குது இந்தப் படத்துல?"

"தண்ணி இருக்குதுடி" என்றாள் வெளியிலிருந்து. "கத எனக்கு இன்னாத்துக்கு? அந்தப் பொண்ணு அருவியாண்ட நிக்கசொல்ல சாரல் அடிக்கிது பாரு, எனக்கு மேலெல்லாம் நனையுது. வூட்டுக்குப் போனா கொடத்துல ஒண்ணுமில்ல."

உண்மைதான். முந்தைய வருஷ மழையில் எடுத்திருந்தார்கள். மேகம் இறங்கி மலையை மூடும், விலகும். அதற்குள்ளிருந்து இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு ஓடி வருவார்கள். தூரத்தில் ஓடுவதால் முகம் தெரியாது. பச்சைப் புல்லும் வெள்ளைப் புகையும் அந்த இரண்டு உருவமும்தான். பெண்கள் பக்கம் அந்த நேரத்தில் குழந்தைகூட அழாது. டார்ச்சை அணைத்துவிட்டு நானும் தூணில் சாய்ந்துகொள்வேன். வெளியே அனலாக அடிக்கும் வெயிலை மறந்து, எங்கள் தெருவை மறந்து, நானும் அந்தப் புகைக்குள் போய்விடுவேன். அத்தனை வருஷ வேலையில் நான் ஆசையாகப் பார்த்த படம் அது ஒன்றுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். மேனேஜர் ஐயாவிடம் "தாங்கும்" என்றேன்.

தாங்கியதற்குக் காரணம் நான் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. அடுத்த படத்தின் ரீல் பெட்டி சேலத்திலேயே நின்றுவிட்டது, இதன் பெட்டி எங்களிடம் நின்றுவிட்டது. மறியலில் உட்கார்ந்தவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் உண்டு. படிக்க, வேலைக்குப் போக எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. கூட்டம் திரும்பினால் எந்தத் தெருவுக்குள் நுழையுமோ என்று எங்கள் கருணாபுரத்தில் பயமும் இருந்தது. ஊரே பேச்சைக் குறைத்துக்கொண்டது. மதியக் காட்சி மட்டும் ஓட்டினோம்.

அந்த வாரத்தில்தான் கல்யாண சீன் வெட்டப்பட்டது. காட்டுக் கோயிலில் கல்யாணம். நடிகை மலைக்கு வந்ததே கொஞ்ச நாளுக்குத்தானாம். அதனால் மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணை முதுகுப் பக்கமாகத்தான் காட்டுவார்கள். மாப்பிள்ளையின் தோளும் கையும் தெரியும். சுற்றி மலை ஜனங்கள் நிற்பார்கள். அதில் ஒரு பெரியவர் அரிசியை எடுத்துத் தூவுவார். தூவுகிற கையில் பளபளவென்று வாட்ச். ராஜா காலத்தில் வாட்ச் கட்டிய பெரியவரைப் பார்த்ததும் ஆண்கள் பக்கம் வெடித்துச் சிரிக்கும். மற்ற நாளில் சிரிப்பு சிரிப்போடு போகும். அந்த வாரம் ஒருவன் சிரித்தது இன்னொருவனுக்குக் குத்தலாகப் பட்டு, நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று கேள்வி வளர்ந்து, பெஞ்சு தூக்கும் வரை போய்விட்டது. மேனேஜர் ஐயா அன்றே கோவிந்தண்ணனைக் கூப்பிட்டார். "அந்தக் கல்யாணத்த எடுத்துடு." கோவிந்தண்ணன் கத்திரிக்கோலால் வெட்டி, சுருளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

மறுநாள் காலை கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொந்துக்குள் ஒரு கை வந்தது. டிக்கெட் நேரம் இல்லை, கையில் சில்லறையும் இல்லை. சின்ன வயசுக் கை. விரலெல்லாம் முள் கீறல், மணிக்கட்டில் பச்சை குத்திய கோலம். இந்தக் கை எனக்குத் தெரியாத கை. கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்த்தேன்.

மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்திருந்தது. வெள்ளிமலைப் பக்கம், கச்சிராயபாளையம் வழியாக நடந்தே வந்தவர்கள். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு. அவளுடைய அப்பா, அம்மா. பத்தடி தள்ளிச் சோடாக்கடை ஓரத்தில் பொன்னுசாமி என்று ஒரு பையன். எல்லோருக்கும் முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப்பெரியவர். அவர் கையில் அந்த வாட்ச்.

சின்னப்பொண்ணுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். படத்தில் மேகத்துக்குள் ஓடும் இரண்டு உருவமும் அவளும் பொன்னுசாமியும்தான். நடிகை உயரத்துக்கு இவள், நடிகர் உயரத்துக்கு அவன் என்று ஊரில் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கைகோத்து ஓடியிருக்கிறார்கள். கல்யாண சீனிலும் இவர்கள்தான்.

"சும்மா கைய பின்னாடி வெச்சா போதும்னு டைரக்டரு சொன்னாருக்கா. ஆனா அது தாலிய நெஜமாவே கட்டிட்டுது. மூணு முடிச்சி. எங்க சாமி முன்னால. அப்பறம் சினிமாக்காரங்க கத்திரிக்கோலு வெச்சி அறுத்து எடுத்து பொட்டியில போட்டுக்கினு போய்ட்டாங்க."

"உனக்கு அது இஷ்டந்தானா?"

அவள் சோடாக்கடைப் பக்கம் பார்த்தாள். "அது கட்டலன்னாதான் நான் அழுதிருப்பேன்" என்றாள்.

அவளுடைய அப்பா தன் அக்கா மகனுக்குப் பெண்ணைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மகள் வாய் திறந்ததும் விவகாரம் ஊர்க் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. சாமி முன்னால் கட்டினது தாலிதான், சினிமாவுக்குக் கட்டினாலும் தாலிதான், அதற்குப் பிறகு அவளை வேறு இடத்தில் கொடுக்க முடியாது என்று ஊர் சொன்னது. கட்டவே இல்லை, கையை மட்டும்தான் வைத்தான் என்று அப்பா சொன்னார். சுற்றி நின்றவர்களை முன்பக்கம் நிறுத்தியிருந்ததால் முடிச்சை யாரும் பார்க்கவில்லை. அவன் கட்டினேன் என்கிறான், இவள் கட்டினான் என்கிறாள். ஊர்ப்பெரியவர், ஆசைப்பட்டவர்கள் சொல் சாட்சிக்கு ஆகாது என்றுவிட்டார். கேமரா அவர்களுக்குப் பின்னால்தான் இருந்தது என்பது அப்போது ஒருவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. படத்தைப் பார்த்து முடிவு சொல்வது என்று தீர்மானம் ஆகி, ரோட்டில் மரம் கிடந்தாலும் பரவாயில்லை என்று நடந்தே வந்துவிட்டார்கள்.

அவள் சொல்லி முடித்தாள். அவர்கள் தேடி வந்த சீன் டப்பாவுக்குள் கிடக்கிறது. மேனேஜர் ஐயாவின் அறைக்கு ஓடினேன். விளக்கம் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்தும் மூச்சு விடாமல் சொன்னேன். எழுந்து போகவில்லை. ஆனால், "வெட்டுனது வெட்டுனதுதான். திரும்ப ஒரு கலாட்டாவ என்னால தாங்க முடியாது சரசு" என்றார்.

பின்னாலேயே ஊர்ப்பெரியவர் வந்து நின்றார். "ஐயா, நான் வாட்ச்சு கட்டிக்கினு நிக்கறன்னு எல்லாரும் சிரிக்கறாங்களாமே."

மேனேஜர் ஐயா ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தார்.

"சிரிக்கட்டுங்க. இது என் மவன் ராணுவத்துல இருந்து அனுப்புனது. கழட்டச் சொன்னாங்க, நான் கழட்டல. சிரிச்சா எனக்குக் கொறஞ்சி பூடாது. பொண்ணு வாழ்க்க இன்னான்னு தெரியணும்."

மேனேஜர் ஐயா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, "கோவிந்தா" என்று குரல் கொடுத்தார். அவர் உத்தரவை மாற்றி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஃபிலிமை ஒட்டுவது பொறுமையான வேலை. ஓரத்தைப் பிளேடால் சுரண்டி மேல்பூச்சை எடுக்க வேண்டும். சிமெண்ட் என்று ஒரு மருந்து, மூக்கைத் துளைக்கும். அதைக் குச்சியால் தொட்டு வைத்து, இன்னொரு துண்டை மேலே படியவைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கோணலாக ஒட்டினால் மெஷினில் அறுந்துவிடும். ஒவ்வொரு ஒட்டுக்கும் சுருளில் ஒரு சின்னப் படமாவது சேதமாகும். "சீன் முடியற எடத்துல ஒட்டுறதுதான் கஷ்டம்" என்றார் கோவிந்தண்ணன். "எது வேணும், எது வேணாம்னு எனக்கு இன்னா தெரியும்? வீணாப் போற அந்த ஒரு படத்துலயே அவங்க முடிச்சி இருந்துட்டா?" நான் ஜன்னலோரம் நின்று டார்ச் பிடித்தேன். மெஷின் ரூமுக்குள் பெண்கள் வரக்கூடாது என்று ஒரு பழக்கம் உண்டு, அன்று யாரும் அதை நினைக்கவில்லை.

காட்சி தொடங்கும் முன் ஊர்ப்பெரியவர் ஒரு நிபந்தனை வைத்தார். விவகாரத்துக்கு உரிய இரண்டு பேரும் உள்ளே வரக்கூடாது. பொன்னுசாமி சோடாக்கடையிலேயே நின்றான். சின்னப்பொண்ணை என் கவுண்டர் அறையில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவள் பொந்தில் கண்ணை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மட்டுமே வந்துபோகும் அந்தப் பொந்து வழியாக அவளுக்கு அவனுடைய முழு உருவமும் தெரிந்தது.

அம்மாவைப் பெண்கள் பக்கம், நைனார்பாளையத்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்த அம்மாள் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கணவர் பக்கமும் பேசவில்லை, மகள் பக்கமும் பேசவில்லை. சினிமாக் கொட்டகைக்குள் வந்ததே முதல் தடவையாம். விளக்கு அணைந்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். தன் மலை திரையில் வந்ததும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. "எங்க வூட்டுக்குப் பின்னால இருக்கற பாற" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு கல்யாணம் வந்தது. வாட்சும் வந்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அந்த வாட்சே தங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதை ஒருவன் கண்டுகொண்டான். "பெரியவரே, மணி இன்னா?" என்று கேட்டான். அவர் நிதானமாகக் கையைத் திருப்பிப் பார்த்து மணி சொன்னார். சிரிப்பு கரைந்துவிட்டது. திரையில் மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் பூ வைத்த சடைக்குக் கீழே போயின. ஒரு கணம்தான். அடுத்து நடிகையின் முகம், கண்ணீர், வாத்தியம்.

"கட்டல. சும்மா கைய வெச்சான்" என்றார் அப்பா, சத்தமாக.

"கட்டிட்டான்யா, நான் பாத்தேன்" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

"நீ எங்க பாத்த? பூவுதான் தெரிஞ்சிது."

விவகாரம் கொட்டகை முழுக்க எப்படிப் பரவியது என்று தெரியவில்லை, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கட்டினான், கட்டவில்லை என்று ஆளுக்கு ஒன்று. முந்தின நாள் பெஞ்சு தூக்கிய அதே ஆட்கள்தான். படத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நம்பி வந்தவர்கள், படத்தைப் பார்த்த பிறகுதான் நூறு விதமாகப் பேசினார்கள்.

அப்போது என் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு அந்த அம்மாள் எழுந்து நின்றாள்.

"முடி சிக்கிக்கிச்சி."

பெரிய குரல் இல்லை. முதலில் எங்கள் வரிசை அடங்கியது, பிறகு பெண்கள் பக்கம் முழுவதும், அதைப் பார்த்து ஆண்கள் பக்கமும்.

"கைய எடுத்தப்பறம் அவ கை பின்னாடி போச்சி. பொடனியில முடிய இழுத்து வுட்டா. முடிச்சி போட்டாத்தான முடி சிக்கும்? அவளுக்கு அந்த எடத்துல பூன முடி ஜாஸ்தி. ஜட போட்டாகூட சிக்கும்."

பெண்கள் பக்கம் எல்லோருக்கும் கை தன்னையறியாமல் பிடரிக்குப் போனது. நைனார்பாளையத்து அக்கா, "ஆமா, எனக்கும் சிக்குச்சி, கண்ணுல தண்ணி வந்துட்டுது" என்றாள். அவரவர் கல்யாண நாள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. நானும் அந்த சீனை அத்தனை முறை பார்த்தவள், அந்தக் கை மேலே போனதைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஊர்ப்பெரியவர் எழுந்து, இடுப்பளவு சுவர்ப் பக்கம் வந்து நின்றார். "நான் பாக்கல. எனக்குத் திரும்பப் பாக்கணும். இவங்க இன்னாமோ சொல்லிக் கேப்பாங்களே, அது இன்னாப்பா?"

"ஒன்ஸ்மோர்" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

"அதான். ஒன்ஸ்மோர்" என்றார் பெரியவர்.

ஒருவரும் கத்தவில்லை, விசில் இல்லை. எல்லோரும் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் ஐயா உள்ளே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மெஷின் ரூமின் ஓட்டையை அண்ணாந்து பார்த்து, "போடு கோவிந்தா" என்றார்.

விளக்குப் போட்டு, ரீலைச் சுற்றித் திருப்பி மாட்ட நேரம் பிடித்தது. நான் கவுண்டர் அறைக்கு ஓடினேன். நிபந்தனை கிபந்தனை எல்லாம் எனக்கு மறந்துபோனது. சின்னப்பொண்ணின் கையைப் பிடித்து இழுத்துவந்து, பெண்கள் வாசலில் தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தி, அதைக் கொஞ்சம் விலக்கினேன். விளக்கு அணைந்தது.

மேகம் விலகியது. கோயில் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு முதுகு. பக்கத்தில் நின்ற பெண்ணின் மூச்சு என் தோளில் பட்டது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பாள், முதுகை எங்கே பார்த்திருப்பாள்? "நான்தானாக்கா அது?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். அரிசி விழுந்தது. வாட்ச் மின்னியது, ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு கைகள் பூவுக்குக் கீழே போய், கொஞ்சம் தடுமாறி, வெளியே வந்தன. நடிகையின் முகம் வருவதற்குள், முதுகு காட்டி நின்ற பெண்ணின் இடதுகை மெல்ல மேலே போய், பிடரியில் எதையோ இழுத்துவிட்டது. அடுத்த கணம் ஒட்டுப் போட்ட இடம் சின்னதாகத் துள்ளியது. கோவிந்தண்ணன் அந்தக் கையைக் காப்பாற்றியிருந்தார்.

"முடிச்சி வுழுந்துட்டுது" என்றார் ஊர்ப்பெரியவர். "தாலி தாலிதான்."

படத்தை யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை, கோட்டையை யார் பிடித்தார்கள் என்று அன்றைக்கு ஒருவருக்கும் அக்கறை இல்லை. கூட்டம் பேசிக்கொண்டே வெளியே வந்தது. மேனேஜர் ஐயா தூணோரமாகத்தான் நின்றார், ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். சோடாக்கடையில் பொன்னுசாமியைச் சூழ்ந்துகொண்டு யார் யாரோ தோளைத் தட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசியாக வந்தவர் சின்னப்பொண்ணின் அப்பா. ஒன்றும் பேசாமல் பீடியை வாயில் வைத்து, மேனேஜர் ஐயாவிடம் நெருப்புக் கேட்டார். ஐயா தீக்குச்சியை உரசி, காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்து, அவர் பற்றவைக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் வாசலில் மகளைத் தேடிக்கொண்டு அம்மா வந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவளைக் கண்டதும் திட்டவில்லை. பின்னலை ஒதுக்கி, பிடரியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"வலிச்சிதாடி?"

"அப்ப தெரிலம்மா" என்றாள் சின்னப்பொண்ணு. "நீ கைய வெக்கசொல்லதான் வலிக்குது."

அம்மா அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் டார்ச்சைக் கையில் பிடித்தபடி அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மேனேஜர் ஐயா வழக்கம்போல என்னிடம் வருவதற்காக நடந்து வந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். பெண்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று அன்று அவர் கேட்கவில்லை.